பூட்ஸ் உதறும் நேரம்

எங்கள் பேட்டையில் உப்பு அளக்கிறவன் நான். நகராட்சி கொடுத்த பதவி. சம்பளம் கிடையாது, பச்சை மேலங்கி உண்டு. மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய் சோயா விழுதில் வைக்கும் மிசோ சூப்பில் உப்பு மீட்டரை முக்கி எண்ணைக் குறிக்க வேண்டும். உப்பு 0.8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பக்கவாதம் கிட்டே வராது என்று கூட்டத்தில் சொன்னார்கள்.

ஒவ்வொரு வாசலிலும் பூட்ஸில் ஒட்டிய பனியை உதைத்து உதறுவேன். ஐந்து உதை போதும். நான் இருபது உதைப்பேன். அதற்குள் உள்ளே, உப்பு குறையட்டுமென்று, கெண்டியிலிருந்து சூப்பில் வெந்நீர் விழும் சத்தம் கேட்கும். காதில் விழாத மாதிரி நிற்பதுதான் மரியாதை. என் வீட்டில் நானே ஊற்றி நானே அளந்துகொள்வேன். போன வருடம் எங்கள் பேட்டைக்குப் பாராட்டுப் பத்திரம்கூட வந்தது.

நவம்பரில் தொகுசோ பக்கவாதத்தில் விழுந்தான். ஆறாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. என் தாளில் எல்லா மாதமும் அவனுக்கு 0.7. வலது கை போய்விட்டது. அழுகை வருமென்று ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் பத்து நிமிடம் நின்று பார்த்தேன். வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

இன்னொரு தடவை வந்தால் எழுந்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இன்று பூட்ஸை உதறாமலே கழற்றிவிட்டு நேரே அவன் சமையலறைக்குள் போனேன்.

"என்னண்ணே, சத்தமே காணோம்!" அவன் மனைவி கினுயே கையில் கெண்டியோடு நின்றாள்.

"அதைக் கீழ வைம்மா."

மீட்டர் 1.6 காட்டியது.

"மீட்டர் ரிப்பேருடா, உன்னை மாதிரியே," என்றான் தொகுசோ.

"ரிப்பேர் இல்ல."

"அப்ப வழக்கம்போல புள்ளி ஏழு போடு. பொய்யி உனக்குப் புதுசா?"

"புள்ளி ஏழு போட்டா நகராட்சி நர்ஸ் வரமாட்டா. இதைப் போட்டா வாராவாரம் வருவா."

"வந்து?"

"உன் ஊறுகாய்த் தொட்டியைப் பூட்டுவா."

"பழைய தாளையும் கேப்பாளே. உன் பத்திரம்?"

"போவட்டும்."

1.6 என்று எழுதினேன்.

"வெந்நீர் ஊத்துனது எல்லா மாசமும் உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டான்.

"தெரியும்."

கினுயே தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடிச்சிட்டுப் போ," என்றான் தொகுசோ.

கினுயே இரண்டு கிண்ணத்திலும் பாதி சூப்பும் பாதி வெந்நீருமாக ஊற்றினாள். அவன் இடது கையால் தூக்கினான். பாதி மோவாயில் வழிந்தது.

"கழுநீர்டா இது."

"ஆமா, கழுநீர்தான்."

மறுபடியும் கிண்ணத்தைத் தூக்கினான்.