உருளைக்கிழங்கு சாலட் சமாதானம்

சுவிட்சர்லாந்தின் பெல்லின்சோனாவில் இத்தாலிய மொழி பேசி வளர்ந்த ஒர்னெல்லா, ஓல்டனுக்குப் போய் ஜெர்மன் மொழியில் பயன்பாட்டு உளவியல் முதுகலை படிக்கப் போவதாகச் சொன்னபோது, அவள் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அடுத்தவங்க மனசப் புரிஞ்சுக்க ஜெர்மன்லயா படிக்கணும்?"

வகுப்பில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. பேராசிரியர் சும்ஸ்டெக் புத்தக ஜெர்மனில் கேட்பார், அவளும் புத்தக ஜெர்மனில் பிசிறில்லாமல் பதில் சொல்வாள். வெளியே வந்தால்தான் வம்பு. கூடப் படிப்பவர்கள் வாசலைத் தாண்டியதும் சுவிஸ் பேச்சுமொழிக்குத் தாவிவிடுவார்கள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ஒர்னெல்லா தனியாகச் சிரிப்பாள்.

கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு களப்பணி கொடுத்தார்கள். ஏதாவது ஒரு வேலையிடத்துக்குப் போய், அங்கே இருக்கும் ஒரு தகராறைத் தீர்த்துவைத்து, எப்படித் தீர்த்தோம் என்று வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும். ஒர்னெல்லாவுக்கு ஊர்க்கோடியில் இருந்த முதியோர் இல்லத்தின் சமையலறை வாய்த்தது.

"ரெண்டு பேரும் தங்கமான சமையல்காரங்க. ஆனா ஆறு வருஷமா முகம் குடுத்துப் பேசறதில்ல" என்றார் நிர்வாகி ஃப்ளூக்கிகர். "உப்பு வேணும்னாக்கூட என்னத்தான் கூப்பிடறாங்க. நான் ஆபீஸ்லேருந்து ஓடி வந்து உப்ப எடுத்துக் குடுக்கறேன்."

சண்டையின் மூலம் உருளைக்கிழங்கு சாலட். கொதிக்கும் எலும்பு ரசத்தை ஊற்றித்தான் செய்ய வேண்டும் என்பது மார்கிரிட்டின் கட்சி. மயோனைஸ் இல்லாமல் சாலட்டா என்பது உர்ஸின் கட்சி. ஒரு கோடை விருந்தன்று மார்கிரிட் செய்து வைத்த சாலட்டில் உர்ஸ் அவளைக் கேட்காமல் மயோனைஸைக் கலந்துவிட்டான். பெரியவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அதைத்தான் மார்கிரிட்டால் மன்னிக்க முடியவில்லை.

ஒர்னெல்லா முதல் நாள் அடுப்படிக்கே போய் நின்றாள். பிறர் சொல்வதை நம் வார்த்தையில் திருப்பிச் சொன்னால் அவர்கள் மனம் திறப்பார்கள் என்று படித்திருந்தாள்.

"தாங்கள் அவமதிக்கப்பட்டதாக உணர்கிறீர்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்" என்றாள் மார்கிரிட்டிடம்.

மார்கிரிட் கரண்டியைப் பிடித்தபடி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னம்மா, ரேடியோல நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசற? தள்ளிக்கோ, வெங்காயம் கருகுது."

"வெங்காயம் கருகுவது தங்களுக்குக் கவலையளிக்கிறது."

"ஆமா தாயி, அளிக்குது!"

உர்ஸ் இன்னும் மோசம். எதைக் கேட்டாலும் "சரிங்க டாக்டரம்மா" என்றான். "நான் மருத்துவர் அல்லேன்" என்று அவள் திருத்தினால், அதற்கும் "சரிங்க டாக்டரம்மா" என்றான்.

இரண்டாம் வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். மேசைமேல் இருக்கும் மரக்கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். கரண்டியை யாரும் தொடவில்லை. சன்னலுக்கு வெளியே சரக்கு ரயில் ஒன்று மெதுவாக ஊர்ந்து போனது. அது முழுக்கக் கடந்து போகும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வாரம் வண்ணப் பென்சில்களோடு வந்தாள். மனத்தில் இருக்கும் கோபத்தைப் படமாக வரையச் சொன்னாள். உர்ஸ் ஒரு மாடு வரைந்தான். மார்கிரிட் பென்சிலை எடுக்கவே இல்லை.

அன்றைக்கு விடைபெற்று வாசல்வரை போனவள், மேல்கோட்டை மறந்துவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினாள். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மார்கிரிட்டின் குரல்.

"ஏய் உர்ஸ். இந்தப் பொண்ணு அடுத்த வாரமும் வருதா?"

ஒர்னெல்லா அப்படியே நின்றாள். உள்ளே ஏதோ ஒரு மூடி கை நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

"வருது. பொம்மை கொண்டு வருதாம். நான் நீயா நடிக்கணும், நீ நானா நடிக்கணும்" என்றான் உர்ஸ்.

"ஐயையோ! அதுக்கு நாமளே பேசித் தொலைச்சிரலாம்."

"தாங்கள் தொலைக்க விரும்புவதாக நான் புரிந்துகொள்கிறேன்" என்றான் உர்ஸ், ஒர்னெல்லாவின் குரலில்.

மார்கிரிட் சிரித்த சிரிப்பில் பாத்திரங்கள் அதிர்ந்தன. பிறகு அவள் முறை. ஒர்னெல்லா தலையைச் சாய்த்துக் கேட்பதை, பென்சில்களை வரிசையாக அடுக்குவதை, ஒவ்வொரு சொல்லையும் இஸ்திரி போட்டு எடுத்துவைப்பதை அப்படியே செய்து காட்டினாள் போல. உர்ஸுக்கு மூச்சு முட்டியது. அவர்கள் பேச்சுமொழியின் ஒவ்வொரு சொல்லும் அன்றைக்கு ஒர்னெல்லாவுக்குத் தெளிவாகப் புரிந்தது. கோட்டை எடுக்காமலே பனியில் நடந்து ரயில் நிலையம் போனாள். தோற்றதாக நினைத்து அழுவதா, ஜெயித்ததாக நினைத்துச் சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ரயில் வரும்வரை இரண்டையும் கொஞ்சம் செய்தாள்.

பொம்மைகளுக்கு வேலை வரவில்லை. ஃப்ளூக்கிகர் தொலைபேசியில் குதித்தார். "அற்புதம்ங்க! ரெண்டு பேரும் ஒண்ணா வந்து, 'இனிமே எங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல, அந்தம்மாவ அனுப்பாதீங்க'ன்னு ஒரே குரல்ல சொல்றாங்க! என்ன மாயம் பண்ணீங்க?"

தேர்வு அறையில் பேராசிரியர் சும்ஸ்டெக்கும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் நீளமான வாக்கியத்தில். கேட்பதன் வலிமை, வட்டமாக அமர்வதன் பயன் என்று ஒர்னெல்லா ஒரு பதிலை மனப்பாடம் செய்து வந்திருந்தாள். ஆனால் வாயைத் திறந்ததும் உண்மைதான் வந்தது.

"அவர்கள் இருவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை, ஐயா. ஒருவரையொருவர் வெறுத்ததைவிட என்னை அதிகமாக வெறுத்தார்கள். அதனால் சேர்ந்துவிட்டார்கள். நான் கற்ற முறைகள் எதுவும் பலிக்கவில்லை."

சும்ஸ்டெக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதாவது, தாங்களே பொது எதிரியின் இடத்தை எடுத்துக்கொண்டீர்கள். வேண்டுமென்றே."

"வேண்டுமென்றே இல்லை, ஐயா."

"இந்தத் தன்னடக்கத்தையும் குறித்துக்கொள்கிறேன்" என்று அவர் மிக உயர்ந்த மதிப்பெண்ணைப் போட்டார்.

மற்றத் தேர்வாளர்கள் எழுந்து போன பிறகு அவர் மட்டும் நின்றார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். முதன்முறையாக அவளிடம் பேச்சுமொழியில் பேசினார்.

"ஒரு சின்ன விஷயம். எதிர் ரூம் கெஸ்லர் இருக்காரில்ல, அவரும் நானும் பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. காபி மெஷின எங்க வைக்கறதுங்கறதுல வந்தது. நீங்க கொஞ்சம்…"

மதிப்பெண் இன்னும் மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. ஒர்னெல்லா சம்மதித்தாள்.

இம்முறை அவளுக்கு மூன்று வாரம் தேவைப்படவில்லை. அடுத்த மாதம் சான்றிதழ் வாங்க அவள் போனபோது, சும்ஸ்டெக்கும் கெஸ்லரும் தாழ்வாரத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் இருவரும் ஒருசேரப் பேச்சை நிறுத்தினார்கள். அவள் திருப்பம் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு ஒருசேரச் சிரித்தார்கள்.

ஒர்னெல்லா நிற்கவில்லை. தொழில் தனக்குக் கைகூடி வருகிறது என்றே எடுத்துக்கொண்டாள்.