ஏரியைச் சுற்றிய வண்டி

வண்டி இந்த மழைக்காலத்தைத் தாண்டாது என்று மெக்கானிக் அவளிடம் கையை விரித்துவிட்டார். "கிளட்ச் போயிடுச்சு. என்ஜின் போகப்போகுது. இதுக்கு மேல இதுல காசைப் போட்டா கிணத்துல போட்ட மாதிரிதான்க்கா."

அவள் நடத்திவந்த சங்கத்துக்கு இருந்ததே ஓர் அறையும் ஒரு வண்டியும்தான். சிறுநீரகம் கெட்டுப்போன பத்துப் பன்னிரண்டு பேரைச் சுற்றுவட்டாரத்துச் சின்ன ஊர்களிலிருந்து ஏற்றிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்யவைத்து, மாலையில் வீடு சேர்ப்பதுதான் வேலை. வண்டி நின்றால் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. வண்டியை ஓட்டுபவன் அவளுடைய கொழுந்தன். அவள்தான் செயலாளர், கணக்கர், பெருக்கித் துடைப்பவள் எல்லாம். நரைத்த தலைகள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டன.

தங்கள் அப்பாவின் நினைவாக ஒரு குடும்பம் நடத்திவந்த அறக்கட்டளைக்கு அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள். முதல் வடிகட்டலில் தப்பியும்விட்டது. அங்கிருந்து ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது: ஆஸ்பத்திரிக்கும் வீடுகளுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் உங்கள் டீசல் செலவோடு ஒத்துவரவில்லையே, ஏன்? நேரிலேயே சொல்லலாம், வீட்டின் இளைய மகன் வந்து பார்ப்பார் என்றும் எழுதியிருந்தார்கள்.

பதில் அவளுக்குத் தெரியும். தெரிந்ததுதான் வம்பு.

டயாலிசிஸ் முடிந்தவர்கள் பிழிந்துபோட்ட துணிபோல வண்டியில் விழுந்து தூங்குவார்கள். ஒருமுறை வீடு வந்துவிட்டது என்று தட்டி எழுப்பியதில், தையல்காரம்மா தலை சுற்றி வாசற்படியிலேயே சரிந்துவிட்டாள். அன்றோடு கொழுந்தன் யாரையும் எழுப்புவதை விட்டான். வீடு வந்தும் தூக்கம் கலையாவிட்டால் வண்டியை ஏரிப்பக்கம் திருப்பிவிடுவான். வண்டியை நிறுத்திவைத்தாலும் விழித்துக்கொள்வார்கள், தூளி நின்றால் குழந்தை விழித்துக்கொள்வதில்லையா, அதுபோல. தானாகக் கண் திறக்கும்வரை ஏரியை ஒரு சுற்று, சில நாள் இன்னொரு சுற்று.

இதை எந்த அறக்கட்டளைக்காரரிடம் சொல்வது?

"தம்பி, இன்னிக்கு ஒரு நாள் ஏரிப்பக்கமே போகாதே. வீடு வந்தா எழுப்பி இறக்கிடு" என்று, அவர் வரவேண்டிய நாளன்று காலையிலேயே கொழுந்தனிடம் சொன்னாள்.

"டீசலைக் கேட்டா என்ன சொல்வீங்க அண்ணி?"

"ரோடு மோசம்னு சொல்லிக்கலாம்."

"ரோடு நல்லாத்தானே இருக்கு? போன வருஷம்தானே போட்டான்?"

அவள் மடிக்கணினியைப் பைக்குள் வைத்தாள். பொய் சின்னதுதான். ஆனாலும் காலையில் சாமி கும்பிட்ட வாயாலேயே சொல்லப்போகிறோமே என்று மனசில் ஒரு கனம்.

அறக்கட்டளைக்காரர் மதியம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். மெலிந்த மனிதர், கண்ணுக்குக் கீழே கருவளையம். நோயாளிகளோடு வண்டியிலேயே வந்து, பிறகு சங்கத்து அறையில் அவள் தயாரித்து வைத்திருந்த படங்களைப் பார்த்து, கேள்விக்குப் பதில் கேட்டுக்கொண்டு சாயங்கால ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு.

"கூட்டல்ல நான் புலி சார். எதுவானாலும் என்கிட்ட கேளுங்க" என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் தன் பக்கத்தில் இடம் விட்டார்.

"ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டச் சொன்னா மட்டும் கண்ணாடி இல்லைம்பாரு" என்றாள் தையல்காரம்மா பின்னாலிருந்து.

வண்டி கிளம்பியது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஜன்னல் திரைகள் மெல்ல ஊதி அடங்கின, வண்டியே மூச்சு விடுவதுபோல. வாத்தியார் ஏதோ சொல்லிக்கொண்டே பாதியில் தூங்கிப்போனார். இருக்கை இருக்கையாகத் தலைகள் சாய்ந்தன. அவள் மனசுக்குள் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் அறக்கட்டளைக்காரரின் தலையும் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்திலிருந்து பத்து வயது கழன்று விழுந்ததுபோல இருந்தது.

ஒவ்வொரு வீடாக வந்தது. என்ன அதிசயமோ, அன்று எல்லாரும் தாமாகவே விழித்துக்கொண்டார்கள். அவரைப் பார்த்துவிட்டு, குழந்தை தூங்கும் அறையைக் கடப்பவர்கள்போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். தையல்காரம்மா போகிற போக்கில் தன் சால்வையை எடுத்து அவர்மேல் போர்த்திவிட்டாள்.

கடைசியில் வாத்தியார் மட்டும் மிச்சம். தன் வீடு வந்தும் அவர் இருக்கையைவிட்டு எழவில்லை.

"இறங்கலையா வாத்தியாரே?"

"வீட்ல எனக்காக யாரு காத்துக்கிட்டிருக்கா? சுவருதான். அது எங்க போயிடப்போகுது? நானும் வரேன்."

"எங்க வர்றீங்க? அவரை எழுப்பணும். ஆபீசுக்குப் போகணும், படம் காட்டணும், ரயிலுக்கு அனுப்பணும்."

"எழுப்பாதேம்மா. அந்தத் தூக்கத்தைப் பாரு. ரொம்ப நாள் பாக்கி மாதிரி இருக்கு."

"அவர் தூங்கினா நம்ம வண்டி தூங்கிடும் வாத்தியாரே!" என்று கிசுகிசுத்தாள்.

கொழுந்தன் கண்ணாடி வழியாக அவளையே பார்த்தான். இடப்பக்கம் திரும்பினால் சங்கம். வலப்பக்கம் ஏரி.

அவள் எழுந்து அவர் தோளை நோக்கிக் கையை நீட்டினாள். சால்வை ஏறி ஏறி இறங்கியது. இத்தனை வருஷமாக எழுப்பாத கை, இன்று காரியம் ஆகவேண்டும் என்பதற்காக ஒருவரை எழுப்புமா? ஆண்டவனே, நீயே பார்த்துக்கொள் என்று கையை மடக்கிக்கொண்டாள்.

"தம்பி, ஏரியைச் சுத்து."

வண்டி வலப்பக்கம் திரும்பியது. ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வானம் முழுக்கத் தண்ணீருக்குள் இறங்கிப் படுத்திருந்ததால், சாலை எதில் மிதக்கிறது என்றே தெரியவில்லை. மேகத்தினூடே வண்டி போவதுபோல இருந்தது. ஒரு நாரை கூடவே பறந்து வந்து, சலித்துப்போய், கரையில் இறங்கிக்கொண்டது. கிழட்டு என்ஜின் தன் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியது. எங்கோ தொலைவில் ரயில் கூவியது. அவர் போயிருக்கவேண்டிய ரயில். அவளுக்கு ஏனோ பயம் விட்டுப்போயிற்று. தண்ணீரில் வெளிச்சம் செம்மையாகி, ஊதாவாகிக் கரையும்வரை சுற்றினார்கள்.

அவர் கண் திறந்தபோது கரைவீடுகளில் விளக்கேற்றியிருந்தார்கள். சால்வையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க இருக்கோம்?"

"ஏரிக்கரை சார்."

"ரயில்?"

"போயிடுச்சு சார்" என்றாள் அவள்.

"ஏன் எழுப்பலை?"

கொழுந்தன் திரும்பாமலே சொன்னான். "இந்த வண்டியில தூங்கறவங்களை எழுப்பறதில்லை சார். முழிக்கிறவரைக்கும் ஏரியைச் சுத்துவோம்."

"எனக்காகவா?"

"எல்லாருக்கும்தான்."

அவர் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்போ அந்த டீசல்..." என்றார்.

"ஆமா சார். ரோடு நல்ல ரோடுதான்" என்றாள் அவள். அதைச் சொன்னதும் காலையிலிருந்து இருந்த கனம் இறங்கிவிட்டது.

அவர் எந்த வாக்குறுதியும் தரவில்லை. படங்களையும் கேட்கவில்லை. சால்வையை மடித்து, கடைசிப் பஸ்ஸில் ஏறும்போது அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சில நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. அதட்டும் பெண் குரல். "என் தம்பியைத் தூங்கவெச்சது நீங்கதானா?"

"மன்னிச்சிருங்க மேடம், ரயிலைத் தவறவிட்டுட்டாரு..."

"ரயில் கிடக்கு, நாளைக்கும் வரும். எங்கப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ராத்திரியெல்லாம் பக்கத்துல உட்கார்ந்திருந்தவன் அவன். ஒரு நிமிஷம் கண் அசந்தான், அப்பா போயிட்டாரு. அதிலேருந்து தூக்கமே கிடையாது அவனுக்கு. எத்தனையோ டாக்டரைப் பார்த்தாச்சு." குரல் சற்றே உடைந்து, மறுபடி அதட்டலாகியது. "வண்டி தர்றோம். ஆனா ஒண்ணு. அந்தச் சுத்தலை டீசல் கணக்குல ஒளிச்சு வைக்காதீங்க. தனியா ஒரு செலவா எழுதி அனுப்புங்க, குடுக்கறோம்."

"அதை என்னன்னு எழுதறது அண்ணி?" என்று கேட்டான் கொழுந்தன்.

அவள் யோசித்து, 'ஏரி' என்று எழுதினாள்.

புது வண்டி வந்த முதல் நாள் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. என்ஜினுக்குச் சத்தமே இல்லை என்று வாத்தியார் குறைப்பட்டுக்கொண்டார். சீட் வழுக்குகிறது என்றாள் தையல்காரம்மா. எல்லாரும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள்.

ஆனாலும் கொழுந்தன் வண்டியை வலப்பக்கம் திருப்பினான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.