பெட்டகக்காரர் செய்த தோட்டக் கதவு

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் பல்செட்டின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அது இப்போது தம்ளரில் கிடக்கிறது. சாட்சிக்குக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே வரும்.

கதை பிறந்தது என் தங்கை வீட்டுப் பின்பக்க ஜன்னலில். ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய கிடங்கின் மனை. கூரை போய்விட்டது, ஆள் உயரத்துக்கு மேல் நாலு சுவரும் கதவில்லாத ஒரு வாசலும் மட்டும் மிச்சம். தெருவே அதற்குள் குப்பை கொட்டியது. தங்கை நகராட்சிக்கு நடையாய் நடந்து, அதைத் தோட்டமாக்க ஒரு வருடத் தவணை வாங்கினாள். நிபந்தனை ஒன்றுதான்: வருடம் முடிந்து அதிகாரி பார்க்க வரும்போது உள்ளே பொதுமக்கள் நடமாட வேண்டும். இல்லாவிட்டால் கார் நிறுத்துமிடம்.

2

முதல் தொடக்கம்: "விடியற்காலைப் பனியில் அந்தப் பசுமை..."

(வேண்டாம். எட்டு மணிக்கு முன்னால் நான் எழுந்ததில்லை. பனியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை?)

இரண்டாவது: தெருவே கூடி நாற்பது கொன்றைக் கன்று நட்டோம். காட்டுப்பூ விதையை மணலில் கலந்து வீசினோம். நான் வீசிய இடத்தில் மறுநாளே முழங்கால் உயரத்துக்குப் பூ.*

*தங்கை இதைப் படித்துவிட்டு, "மறுநாளா? நாலு மாசம் ஆச்சுண்ணா" என்றாள். என் விதைக்கு அவசரம் இருந்தால் நான் என்ன செய்ய?

3

இனி மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர். இந்தப் பாத்திரத்தில்தான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு பிடிவாதத்தை வாசகர் நம்புவாரா?

முப்பது வருடம் வங்கிகளுக்கு இரும்புப் பெட்டகம் செய்தவர். கால்கள் ஓய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு, இரண்டு வருடமாக வாசற்படி தாண்டவில்லை. "வெளிய வந்தா எல்லாரும் பாவம் பாவம்னு பாப்பாங்க மச்சான். அதுக்கு இந்தச் சுவத்தையே பாத்துட்டுப் போறேன்" என்பார்.

அவர் தூங்கும்போது தங்கை நாடாவால் நாற்காலியை அளந்தாள். தோட்டத்துப் பாதை அந்த அகலத்துக்கு ஒரு சாண் கூடுதலாக அமைந்தது.

"கதவு நான் செய்யுறேன்" என்றார் மாப்பிள்ளை, வீட்டுக்குள் இருந்தபடியே. செய்தார். தெரிந்த மாதிரிதானே செய்வார்? தானாகச் சாத்திக்கொள்ளும். சாத்தியதும் ஆறு தாழ் உள்ளுக்குள் விழும். வெளியிலிருந்து யாரும் உள்ளே போக முடியாத, உலகத்தின் முதல் பொதுத் தோட்டக் கதவு.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் மாலை தெருக்காரர்கள் அதை மாட்டி, சாத்தாமல் இருக்க ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்தார்கள். காலையில் அதிகாரி வருகிறாரே, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தக் கல்லை எடுத்தவன்... (இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. தங்கையும் படிப்பாள்.)

4

அதிகாரி வந்தார். தெருவே வெளியே நின்றது. உள்ளே ஒரு பூனை.

"பொதுமக்கள் எங்கம்மா?"

"எல்லாரும் இங்கதான் சார் இருக்கோம்."

"உள்ள இருக்கணும்னுல்ல போட்டிருக்கு? பத்து நிமிஷம் பாக்கறேன்."

தங்கை வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே.

"கதவு சாத்திக்கிச்சுங்க. எப்படித் திறக்கறது?"

"கைப்பிடிய அரைச் சுத்து சுத்தி, லேசாத் தூக்கி, உள்ள ஒண்ணு விலகும்பாரு, அப்ப..."

"எவ்வளவு தூக்கணும்?"

"அது கைக்குத் தெரியும். வாயால சொல்ல வராது."

"அப்ப கையக் கழட்டிக் குடுங்க. கொண்டு போய்த் திறந்துட்டு வந்து மாட்டி விடறேன்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். அவள் அழவில்லை. நாற்காலியின் பின்னால் போய் நின்றாள். தள்ளவும் இல்லை.

5

இங்கே மூன்று முடிவுகள் இருக்கின்றன.

"வரிசையாகக் கார்கள், கொன்றை இருந்த இடத்தில்..." (இதை எழுத மாட்டேன். மை இருக்கிறது, மனசு இல்லை.)

இன்னொன்று: பொறுமையிழந்த அதிகாரி சுவரேறி எட்டிப் பார்த்து, பூவுக்குள் விழுந்து, வெளியே வர வழியில்லாமல், "பொதுமக்கள் ஒருவர் உள்ளே காணப்பட்டார்" என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது: மாப்பிள்ளை சக்கரத்தில் கை வைத்தார். தெருவுக்கு வந்தார். ஒருவரும் பாவம் என்று பார்க்கவில்லை. எல்லோரும் திட்டினார்கள்.

"யோவ், என்னய்யா கதவு செஞ்சு வச்சிருக்க? உள்ள தங்கமா காய்க்குது?"

"எங்கள வெளிய நிறுத்தறதுக்கா ஒரு வருஷம் மண்ணு சுமந்தோம்?"

இரண்டு வருடத்தில் அவரை யாரும் திட்டியதே இல்லை. அவர் முதுகு நிமிர்ந்தது. "தள்ளுங்கய்யா அந்தப் பக்கம்! வேலை தெரியாத கூட்டம்!" என்று திருப்பிக் கத்திக்கொண்டே கைப்பிடியைத் தூக்கினார். முதல் ஆளாக உள்ளே போனார்.

உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவதை எழுதும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். தூசி.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: அந்தத் தோட்டத்துக்கு ஒருநாளும் கதவு வைத்ததில்லை.