நாக்குக்கடியில் நாலு மாத்திரை

முற்றத்தில் பன்றியை இழுக்கக் கயிறு தயாராக இருந்தது. உள்ளே குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வுக்கோசாவ் பிரஷர் மாத்திரை அட்டையைப் பிதுக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கையும் நாக்குக்கடியில் அடக்கினார். கசப்பு தொண்டைவரை இறங்கியது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, தினமும் என்றுதான் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வுக்கோசாவுக்கு மாத்திரை என்றால் மண்டை இடிக்கும்போது போட்டுக்கொள்வது. இடிக்காத நாளில் எதற்கு? ஊரில் பாதி ஆண்கள் அப்படித்தான். பன்னிரண்டு நாளாக மண்டை இடிக்கவில்லை. அவரும் அட்டையைத் தொடவில்லை.

ஆனால் இன்று நர்ஸ் ஸகோர்க்கா வந்திருந்தாள். பன்றி வெட்டும் வீடுகளுக்கு வறுத்த ஈரல் தின்ன வருவாள், கூடவே பிரஷர் மெஷினையும் தூக்கிக்கொண்டு வருவாள். வுக்கோசாவின் மனைவி தெசாங்கா போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டாள்: பிரஷர் நூற்றறுபதைத் தாண்டினால் கத்தி அவள் தம்பி திஹோமிர் கைக்குப் போகும்.

முப்பத்தொரு வருடமாக அந்த முற்றத்தில் கத்தி பிடித்தவர் வுக்கோசாவ். அது அவருடைய அப்பாவின் கத்தி. அதை மச்சான்காரன் கையில் பார்க்க அவரால் முடியாது.

கதவு தடதடத்தது. "என்ன மாமா, உள்ளயே குடியேறிட்டீங்களா?" திஹோமிர்தான்.

"வர்றேன்டா. பன்னிகூட உன்னைவிடப் பொறுமையா இருக்கு."

சமையலறையில் ஸகோர்க்கா அவர் கையில் பட்டையைச் சுற்றிப் பம்பை அமுக்கினாள். முள் இறங்குவதைத் தெசாங்கா கண்கொட்டாமல் பார்த்தாள்.

"நூத்தம்பத்தஞ்சு. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"டாண்ணு ஏழு மணிக்கு, சிஸ்டர்."

"சரி. சாராயம் மட்டும் வேணாம். மாத்திரையோட சேர்ந்தா ஆளைக் கவுத்துடும்."

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு மிலுன் சர்க்கரை போட்டுக் காய்ச்சிய பிளம் சாராயத்தை நீட்டினான். கத்தி பிடிக்கிறவன் குடிக்காமல் எப்படி? வுக்கோசாவ் இரண்டு டம்ளர் குடித்தார்.

இருநூறு கிலோ பன்றி. பின்னங்காலில் கயிறு விழுந்ததும் அது போட்ட கூச்சலில் பிளம் மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. மூன்று ஆண்கள் சேர்ந்து அதைச் சேற்றில் புரட்டித் தள்ளினார்கள். திஹோமிர் அதன் தோளில் ஏறி உட்கார்ந்து முன்னங்காலை மடக்கிப் பிடித்தான். வுக்கோசாவ் மண்டியிட்டுக் கத்தியைக் கழுத்தில் இறக்கினார். சூடான ரத்தம் முகத்தில் அடித்தது. குத்து ஆழமாகப் போகவில்லை என்று கைக்கே தெரிந்தது. கத்தியை உருவிக்கொண்டு, இன்னொரு குத்துக்காகச் சட்டென்று எழுந்தார்.

முற்றம் இருண்டது. கால்கள் இருக்குமிடம் தெரியவில்லை. அப்படியே முன்னால் சரிந்தார். கத்தி திஹோமிரின் தொடையில் பிடிவரை இறங்கியது.

திஹோமிர் அலறிக்கொண்டு உருண்டான். பிடி விட்ட பன்றி, கழுத்து கிழிந்தபடியே எழுந்து மிலுனை முட்டித் தள்ளி, வெந்நீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, சுவரெல்லாம் ரத்தம் தெளித்துக்கொண்டு ஓடியது.

"குத்திட்டான்! கத்திக்காக என்னைக் குத்திட்டான்!" திஹோமிர் நல்ல காலால் வுக்கோசாவின் வாயில் உதைத்தான். பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. மிலுன் ஓடிவந்து விலாவில் இன்னொரு உதை விட்டான்.

"கத்தியை யாரும் உருவாதீங்க!" ஸகோர்க்கா மிலுனின் பெல்ட்டைப் பிடுங்கித் திஹோமிரின் தொடைமேல் இறுக்கினாள். ரத்தம் அவள் மணிக்கட்டில் வழிந்தது. தலையைத் திருப்பாமலே கத்தினாள்: "விழுந்தவருக்குப் பிரஷர் எகிறிடுச்சு! தெசாங்கா, நாக்குக்கடியில ஒரு மாத்திரை வை!"

தெசாங்கா ஸகோர்க்காவின் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

வுக்கோசாவுக்கு எல்லாச் சத்தமும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. கைவிரல்கள் சில்லிட்டுக் கிடந்தன. குத்தினான் என்றே சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்தார். கோபத்தில் குத்தியவனுக்கு ஜெயில் கிடைக்கும், ஒரு மரியாதையும் இருக்கும். நர்ஸை ஏமாற்ற மாத்திரையை விழுங்கி மயங்கி விழுந்தவனுக்கு என்ன கிடைக்கும்? பன்றி வெட்டும் ஒவ்வொரு வீட்டிலும் சிரிப்பார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டார். தெசாங்கா தாடையைப் பிடித்து நெம்பினாள். "தொறங்க! சாகப்போறீங்களா? தொறங்கன்னு சொல்றேன்ல!"

மாத்திரை உதட்டில் பட்டது. அந்தக் கசப்பு தெரிந்தது.

"வேணாம்," என்றார். "நாலு போட்டிருக்கேன்."

"என்ன நாலு?"

"காலைல. நாலும் ஒண்ணா. பன்னெண்டு நாளா ஒண்ணுகூடப் போடல."

தெசாங்கா கையிலிருந்த மாத்திரையை வீசி எறிந்துவிட்டு, ரத்தம் ஒழுகும் அந்த வாயின்மேலேயே ஓர் அறை விட்டாள்.

"அடிக்காத! காலைத் தூக்கி வாளிமேல வை!" ஸகோர்க்கா திஹோமிரின் தொடையை மிலுனிடம் ஒப்படைத்துவிட்டு மெஷினோடு வந்தாள். முள் எழுபதில் நின்றது. "இன்னொண்ணு உள்ள போயிருந்தா இங்கயே முடிஞ்சிருப்பாரு. விட்டுப்போன மாத்திரையை யாராவது இப்படி மொத்தமா போடுவாங்களா?"

திஹோமிர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "அப்போ வேணும்னு குத்தலையா?"

"இல்லடா. மயங்கி விழுந்தேன்."

"அடப்பாவி. மயங்கி விழுந்தவன்கிட்ட குத்து வாங்கினேன்னு நான் ஊர்ல எப்படிச் சொல்வேன்? கோவத்துல குத்தினேன்னாவது சொல்லித் தொலைங்க மாமா."

"சொல்லமாட்டேன். நாலு மாத்திரை போட்டேன்னு ஆஸ்பத்திரிலயும் சொல்லணும்." வுக்கோசாவ் உடைந்த பல்லைத் துப்பினார்.

வேலிக்குப் பின்னால் பன்றி இன்னும் கதறிக்கொண்டிருந்தது. அதைக் கேட்கச் சகிக்கவில்லை. தெசாங்கா சமையலறைக்குள் போனாள். இறைச்சி நறுக்கும் நீளக் கத்தியோடு வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் வேலியைத் தாண்டினாள். கதறல் ஒருமுறை உச்சத்துக்குப் போய் நின்றது.

திரும்பி வந்தபோது முழங்கைவரை சிவப்பு. குனிந்து கணவனின் சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் தன் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

"திரும்ப எப்போ ஆரம்பிக்கறதுன்னு டாக்டர் சொல்லட்டும். அப்புறம் காலைலயும் சாயங்காலமும் என் கையாலதான். வாயைத் தொறந்து காட்டணும்."

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸின் சத்தம் கீழ்ச்சாலையில் கேட்டது.

"அப்போ அடுத்த வருஷம் கத்தி யாருக்குக்கா?" என்று திஹோமிர் முனகினான்.

 தெசாங்கா குழாயடியில் தன் நீளக் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.