பேராசிரியர் பதவிக்குத் தேவையான சொற்கள்

எங்கள் ஜெர்மன் துறையில் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தால் அது பிறகு கொடுத்தவரிடம் இருக்காது. வகுப்பில் கவனித்துக் கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் போய்விடும். கொடுத்தவருக்குப் பல் விழுந்த இடம் போல வாயில் ஒரு பள்ளம் மட்டும் தெரியும். கொஞ்ச நாள் நாக்கு அங்கேயே போய்த் தடவிக்கொண்டிருக்கும். பிறகு பழகிவிடும்.

மற்ற துறைகளில் எப்படி என்று எனக்குத் தெரியாது. மேல்மாடியில் விலங்கியல்காரர்கள் தவளையைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டுப் பழையபடியே இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வெறுமனே பேசினால் சொல் குறையாது. இதற்கு என்ன அர்த்தம், வாக்கியத்தில் எங்கே வரும் என்று விளக்கத் தொடங்கினால்தான் போகும். எங்களிடம் படித்தவர்களில் பெரும்பாலோர் பட்டம் வாங்கியதும் வங்கியிலோ ஜவுளிக்கடையிலோ வேலைக்குச் சேர்வார்கள். அவர்களுக்கு ஜெர்மன் தேவைப்படாது. ஊருக்குப் போகும்முன் என்னிடம் வந்து, வணக்கம், தண்ணீர், ஜன்னல், திங்கட்கிழமை போன்ற சொற்களைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான். ஜூன் மாதம் நான் அவற்றைப் புதிய மாணவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

கடினமான சொற்கள் மட்டும் திரும்பி வரவில்லை. அவற்றைக் கற்றுக்கொண்டவர்கள் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள்.

இணைப் பேராசிரியராக இருந்த காலத்தில் என்னிடம் மிச்சமிருந்தவை, எவ்வளவு முயன்றும் எந்த மாணவருக்கும் ஏறாத சொற்கள். டோஹ் என்று ஒரு சின்னச் சொல் உண்டு. இல்லை என்று மறுப்பவரை மறுத்து, ஆமாம் என்பதற்கு அது. எத்தனையோ உதாரணம் சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் டோஹ் என் வாயிலேயே இருந்தது. ஹால்ட், ஏபன், மால் என்று, பேச்சில் சும்மா ஒட்டிக்கொள்ளும் அந்த வகைச் சொற்கள் இன்னும் கொஞ்சம். நான் ஜெர்மன் பேசினால், எங்கெங்கே தோற்றேன் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் நான் பேசுவதில்லை. காலையில் முதலாண்டுப் பிள்ளைகள் படிக்கட்டில் வரிசையாக நின்று, “கூட்டன் மோர்கன், மங்கை மேம்” என்பார்கள். அந்தக் காலை வணக்கத்தைத் திருப்பிச் சொல்ல என்னிடம் சொல் இருக்காது. கையிலுள்ள பையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர் கோமதிநாயகம். அவர் ஆய்வு முறைகள் என்ற பாடத்தை மட்டும் எடுப்பார், அதையும் ஆங்கிலத்தில். யாருக்கும் ஒரு ஜெர்மன் சொல்லும் அவர் கொடுத்ததில்லை. ஆகையால் எல்லாம் அவரிடம் இருந்தன. அவர் தொலைபேசியில் ஜெர்மன் பேசினால் வரலாற்றுத் துறையிலிருந்துகூட எழுந்து வந்து கேட்பார்கள். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் வரவேற்க அவரைத்தான் அனுப்புவார்கள். நான் பின்னால் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த ஆண்டு எங்கள் துறைக்கு ஒரே ஒரு பேராசிரியர் பதவி வந்தது. நாங்கள் இருவரும் விண்ணப்பித்தோம். நேர்காணலுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு நிபுணர் வருவார் என்றும், விண்ணப்பித்தவர்கள் அவர் முன்னால் ஜெர்மனில் பேச வேண்டும் என்றும் சொன்னார்கள். நாள் ஆகஸ்டில் விழுந்தது. அதற்குள் வணக்கத்திலிருந்து திங்கட்கிழமை வரை எல்லாச் சொற்களையும் முதலாண்டுக்குக் கொடுத்து முடித்திருந்தேன்.

“பயப்படாதீங்க மேடம்” என்றார் கோமதிநாயகம். “அனுபவம்னு ஒண்ணு இருக்குல்லா.”

அவர் உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

ஜெனோவா விடுமுறையில் வந்திருப்பது அப்போது நினைவுக்கு வந்தது. தூத்துக்குடிப் பெண். என் மாணவிகளில் நான் கொடுத்த ஒன்றையும் கீழே விடாதவள் அவள். ஜெர்மனியில் ஒரு நகரத்தில், எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருந்தாள். அக்கா குழந்தையின் ஞானஸ்நானத்துக்காக ஊருக்கு வந்திருந்தாள். மறுநாள் விமானம்.

நான் பஸ் பிடித்துப் போனேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. உள்ளே உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். ஆசிரியை வந்திருக்கிறார் என்று எல்லாரும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஜெனோவா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப்போனாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தோம்.

“கூச்சப்படாம கேளுங்க மிஸ்” என்றாள். “எல்லாம் நீங்க தந்ததுதான?”

“உனக்கு வேலைக்கு வேணும்லா?”

“பேராசிரியருக்கு உள்ளது எனக்கு எதுக்கு? மதிப்புக்குரிய அவையோரேன்னு வார்டுல யாரைக் கூப்பிடப் போறேன்?”

அவள் கொடுக்கத் தொடங்கினாள். மதிப்புக்குரிய அவையோரே. ஆய்வு. ஆய்வுத் துறை. மொழி கற்பித்தல். முன்னிட்டு. அதே சமயத்தில். என் உச்சரிப்பு தவறினால் நான் அவளைத் திருத்திய அதே விதத்தில், மேசை இல்லாததால் தொடையில் விரலால் தட்டித் திருத்தினாள். ஒவ்வொன்றாக என் வாய்க்குள் வந்து உட்கார்ந்தது. இருபது வருடப் பள்ளங்கள் மூடிக்கொண்டே வந்தன. கீழே மதியச் சாப்பாட்டுக்கு இலை போடும் சத்தம் கேட்டது. நான் அத்தோடு எழுந்திருக்கலாம்.

“அவங்க கேக்குற கேள்வி எனக்குப் புரியணுமே” என்றேன். “கேள்வி எப்படி அமையும்னு ஒருதடவை சொல்லேன்.”

“அது லேசு மிஸ்” என்றாள். உதாரணத்துக்கு யோசிக்கக்கூட இல்லை. தினமும் அதிகம் புழங்கும் வாக்கியம் எதுவோ அதுதானே முதலில் வாயில் வரும். “வோ டூட் எஸ் வே? எங்க வலிக்குது? பாத்தீங்களா, வினைச்சொல்ல ரெண்டா வெட்டி, டூட் இந்தப் பக்கம், வே கடைசிக்குப் போயிரும்.”

சொல்லி முடித்ததும் அவள் நாக்கு கன்னத்துக்குள் ஒரு இடத்தைத் தேடிப்போனது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

திருப்பிக் கொடுப்பது எளிது. அதே வாக்கியத்தை அதே இடத்தில் நான் அவளுக்கு விளக்கினால் போதும். அவள் அதற்குத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் அது முழு வாக்கியம். கொக்கி போட்டது போல அழகாக முடிந்திருந்தது. என்னிடம் அப்படி ஒரு முழு வாக்கியம் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் கைப்பையின் ஜிப்பை மூடினேன்.

“பரவாயில்ல மிஸ்” என்றாள் ஜெனோவா.

கீழேயிருந்து அவளுடைய அம்மா, “டீச்சரம்மா, சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டார். நான் போய் உட்கார்ந்து, பரிமாறியதையெல்லாம் சாப்பிட்டேன்.

நேர்காணலுக்கு வந்த நிபுணர் டாக்டர் ஹில்டெகார்ட் என்ற வயதான அம்மையார். துணைவேந்தருக்குப் பக்கத்தில், முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். முதலில் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, வெளியே எனக்குக் கேட்டது. நதி போகிற மாதிரி பேசினார். நடுவில் துணைவேந்தர், “அந்த நீளமான சொல் நன்றாயிருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டார்.

கோமதிநாயகம் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “மன்னிக்கணும் சார், சொல்லிக்கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை” என்றார்.

அடுத்து நான். மதிப்புக்குரிய அவையோரே என்றேன். ஆய்வுத் துறையைச் சொன்னேன். முன்னிட்டு, அதே சமயத்தில் இரண்டையும் உரிய இடத்தில் வைத்தேன். அதோடு தீர்ந்துவிட்டது. டாக்டர் ஹில்டெகார்ட் இடுப்பை நெளித்துத் தலையணையைச் சரிசெய்தார்.

“வோ டூட் எஸ் வே?” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். இடுப்பைக் காட்டினார், தோளைக் காட்டினார், ஒருதடவை ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ தூரத்தில் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிறுத்தும்போதெல்லாம் டோஹ் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடர்ந்தார். மணியடித்து என் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

பதவி எனக்கே கிடைத்தது. தன் சொந்த ஊரில்கூட யாரும் தன்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்று நிபுணர் சொன்னாராம். துறையில் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். கோமதிநாயகம்தான் போர்த்தினார். “நீங்கதான் தகுதியான ஆள்” என்றார். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சால்வையை வீட்டில் எங்கே வைத்தாலும் கண்ணில் பட்டது. கடைசியில் வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினேன்.

ஜெனோவா சில வாரம் கழித்துக் கூப்பிட்டாள். வாழ்த்துச் சொன்னாள். ஞானஸ்நானக் குழந்தைக்குப் பல் வந்துவிட்டது என்றாள். நானாகத்தான் கேட்டேன்.

“வார்டுல எப்படிச் சமாளிக்கிறே?”

“தொட்டுப் பாத்துக்கிடுதேன் மிஸ்” என்றாள். “முதல்ல கால், அப்புறம் முட்டி, அப்புறம் இடுப்பு. கத்துனா அந்த இடம்னு வச்சிக்கிடுதேன். நேத்து ஒரு தாத்தாவுக்குக் கண்டுபிடிக்கச் சாயங்காலம் ஆயிட்டு. பாவம், மொத்தமும் தொட்ட பிறகு கடைசியில சுண்டுவிரல்.”

“கூட வேலை பாக்குறவங்ககிட்டக் கேக்கலாம்லா?”

“வெக்கமா இருக்கு மிஸ். நர்ஸா வந்துட்டு இதைப் போயி கேட்டா என்ன நினைப்பாங்க? மேலே தெரிஞ்சா என்னை வச்சிக்கிடுவாங்களா?”

அந்த வெட்கம் என்னுடையது. அதையும் அவள்தான் அங்கே சுமந்துகொண்டிருந்தாள்.

“இப்பவே தாரேன், கேளு” என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன். வகுப்பில் நடத்துவது போலவே நடத்தினேன். வோ என்றால் எங்கே. வினைச்சொல் இரண்டாகப் பிரியும். டூட் இந்தப் பக்கம், வே கடைசியில். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. சொல்லச் சொல்ல அது என்னை விட்டுக் கிளம்புவதை உணர்ந்தேன். வே கடைசியாகப் போயிற்று.

“ஹலோ? மிஸ்? கேக்கவே மாட்டேங்கு” என்றாள் ஜெனோவா. “கட் ஆகிக் கட் ஆகி வருது. மறுபடி சொல்லுங்க.”

மறுபடி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அந்த வாக்கியம் என்னிடமும் இல்லை, அவளிடமும் போய்ச் சேரவில்லை. நடுவில் கடல்தான் இருக்கிறது.

“அழாதீங்க மிஸ்” என்றாள். நான் அழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே மறுபடி கூப்பிட்டாள். குரல் தெளிந்திருந்தது. சுண்டுவிரல் தாத்தாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டாளாம். அவர் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, வினைச்சொல்லை வெட்டிக் காட்டி, முழுதாகக் கொடுத்துவிட்டாராம்.

“அப்ப அவருக்கு?” என்றேன்.

“அவருக்குக் கேள்வி எதுக்கு மிஸ்? அவருகிட்ட பதில்லா இருக்கு.”

நன்றாகத் தூங்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். என்னை அவள் மன்னிக்கவில்லை, மன்னிக்க எதுவும் நடந்ததாக நினைக்கவுமில்லை. சுவரில் என் பெயருக்கு முன்னால் பேராசிரியர் என்று புதிதாக எழுதியிருந்த பலகையைத் தினமும் தாண்டித்தான் என் அறைக்குப் போகவேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் ஒரு காலை மீன் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். தூத்துக்குடி லோடு அப்போதுதான் இறங்கியிருந்தது. பனிக்கட்டியின்மேல் சீலா மீன்கள் வரிசையாகக் கிடந்தன. பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒவ்வொருவர் முறை வரும்போதும் அவர் எடுத்த மீன் வாயைத் திறந்து ஏதோ கேட்டது. ஜெர்மன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அர்த்தம் தெரியவில்லை. மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டுவதும் பேரம் பேசுவதுமாக இருந்தார். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் குனிந்து மீனிடம் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் முன்னால் போனவர் நடுமுதுகைக் காட்டியிருந்தார்.

என் முறை வந்தது. நடுத்தரமான ஒன்றை எடுத்தேன். அது என்னைக் கேட்டது.

நான் தோளைத் தொட்டேன். மீன் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது.

“சரியாக் காட்டுங்கக்கா” என்றார் மீன்காரம்மா. “பின்னால ஆள் நிக்குல்லா.”

நான் இரண்டு கைகளையும் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன்.

மீன் வாயை மூடியது. அவர் அதை வாங்கித் தராசில் போட்டார்.