பாலகுருவின் செவுள்

2006 தேர்தலுக்கு மனு போட்டுவிட்டு வந்த மறுநாள் பாலகுருவுக்கு இரண்டு காதுக்கும் கீழே செவுள் முளைத்திருந்தது. எதிர்த்து நின்ற திருஞானசம்பந்தத்துக்கும் முளைத்தது. அந்த வாரம் ஐஸ் விலை ஏறியிருந்ததால் காரைக்கால்மேட்டில் செவுளைவிட அதைத்தான் அதிகம் பேசினார்கள்.

சுனாமிக்குப் பிறகு கரையில் மிஞ்சியிருந்தது மீன் ஏலத் திடல் ஒன்றுதான். அங்கே மீன் எடுத்துக் குரும்பகரத்தில் கூடை இறக்கி விற்பவள் அஞ்சுகம். திடல் போனால் அவள் பிழைப்பும் போய்விடும். அதை ஒரு ஓட்டல் முதலாளிக்குக் கொடுக்கப் போவதாகப் பேச்சு வர, விடமாட்டேன் என்று பாலகுரு சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இன்டர்நெட்டில் ஒரு படம் வந்தது. பாலகுரு ஓட்டல் முதலாளியின் தோளில் கைபோட்டு நிற்கிறார். கம்ப்யூட்டர் சென்டரில் அதைக் காகிதத்தில் எடுத்து பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டினார்கள். தோளில் கிடந்த கைக்கு ஆறு விரல், பாலகுருவுக்கு ஐந்துதான் என்று யாரோ எண்ணிச் சொன்னபோது, ஒன்றை வெட்டி எடுத்துவிட்டாராம் என்று எல்லார் செல்போனுக்கும் எஸ்.எம்.எஸ். வந்தது.

காரைக்கால்மேட்டில் ஊர் கூடிப் பேசி ஒரே பக்கமாகத்தான் ஓட்டுப் போடுவார்கள். செல்போனை நம்புவதா ஆளை நம்புவதா என்று பேசிப் பேசி அலுத்து, மீனுக்குப் பார்ப்பதுபோல் செவுளைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார்கள். அந்த வேலை அஞ்சுகத்திடம் வந்தது. இருவரும் திடலுக்கு வந்து ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார்கள். சம்பந்தத்தின் செவுள் பழுப்பேறிச் சளி கட்டியிருந்தது.

"நாத்தம் இங்க வரைக்கும் வருதுக்கா" என்றாள், கூட மீன் விற்கும் அமுதம்.

"கழுத்தைச் சாய்ங்க தம்பி" என்று அஞ்சுகம் பாலகுருவின் செவுளைத் தூக்கினாள். அப்போதுதான் வலையிலிருந்து எடுத்த கொடுவா மாதிரி செக்கச்சிவப்பு. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இவ்வளவு சிவப்பா? பழைய மீனுக்கு ரத்தம் தடவி விக்கிற ஆளுங்கள நாம பாத்ததில்லையா?" என்றாள் அமுதம்.

அஞ்சுகம் விரலால் தேய்த்தாள். "ஒட்டலையேடி."

"நல்ல சாயமா இருக்கும். அழுத்தித் தேய்ங்கக்கா."

"வலிக்குதுக்கா" என்றார் பாலகுரு. அவள் அழுத்தித் தேய்த்தாள். விரல் சிவந்தது.

"பாத்தியளா, வந்துருச்சு" என்றது திடல் முழுக்க. நாறினாலும் அந்த ஆள் எதையும் பூசிக்கொண்டு வரவில்லை என்று ஊர் ஓட்டு சம்பந்தத்துக்கு விழுந்தது. மழைக்கு முன்னால் திடலைச் சுற்றி ஓட்டல் முதலாளியின் கம்பிவேலி வந்துவிட்டது. ஏலம் ரோட்டோரத்துக்குப் போயிற்று. புழுதியில் புரண்ட மீனைக் குரும்பகரத்தில் வாங்க ஆளில்லை. அன்றைக்கு விரலில் இருந்தது சாயமா ரத்தமா என்று அமுதம் ஒருநாள் கேட்டாள். "யாருக்குடி தெரியும், ரெண்டும் சிவப்புதானே" என்று அஞ்சுகம் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

சம்பந்தத்தின் செவுள் பதவியேற்றதும் உதிர்ந்துபோனது. பாலகுருவுக்கு நிலைத்துவிட்டது. சுனாமியில் முழுகிய படகுகளில் வலை சிக்கினால் அவர் இறங்கிப் பொறுமையாக எடுத்துத் தருவார். படகுக்காரர்கள் ஒரு பங்கு மீன் கொடுப்பார்கள். 2009 எம்.பி. தேர்தலில் நிற்கச் சொல்லிக் கேட்க டவுனிலிருந்து இரண்டு கார் வந்தது. ஆள் தண்ணீருக்குள் இருந்தார். கரையில் காத்திருந்தவர்களிடம் அஞ்சுகம்தான் போய்ச் சொன்னாள்: "இப்பல்லாம் நேரத்துக்கு ஏறி வர்றதில்லைங்க. சோத்தக்கூட அங்கேயேதான் வச்சுக்கிறாரு. நீங்க கிளம்புங்க."