மாடிக் குளியலறையின் ஈரம்

கூரையிலிருந்து ஒரு சொட்டு ஜொஹரா மதினியின் டீக்குள் விழுந்த பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். சிதம்பரத்தில் என் அக்கா ஹஃப்சாவின் வீட்டுக் கூடத்தில், மின்விசிறியை ஒட்டி, பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய வட்டம். நேர் மேலே அக்காவின் அறையைச் சேர்ந்த குளியலறை.

மறுநாள் காலை உம்மா என்னைக் கடலூரிலிருந்து பஸ் ஏற்றிவிட்டு, தானும் கூடவே ஏறிக்கொண்டது.

மச்சான் லியாக்கத் அலி ஷார்ஜாவில் இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். அக்கா முகம் பார்க்கவில்லை. இப்போது இத்தாவில் இருக்கிறாள். கணவன் மவுத்தான பெண் நான்கு மாதம் பத்து நாள் அவன் வீட்டிலேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. அதனால் கொத்தனாரை மாடிக்கு அனுப்ப வழியில்லை. கூடப் பிறந்த தம்பி போகலாம். நான் ஏசி மெக்கானிக். காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுப்பதுதான் என் தொழில்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது உம்மா சொன்னது: "பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டுட்டேன். குடியிருக்க லாயக்கில்லாத வூடுன்னா எடம் மாத்திக்கலாமாம். நீ பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லு. இன்னிக்கே கடலூருக்குக் கூட்டியாந்துடலாம்."

"லாத்தா என்னா சொல்லுது?" அக்காவை நான் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

"அவ எங்க பேசுறா? வரலங்குறா. அவ்ளோதான்."

ஆக, அக்கா அந்த வீட்டில் இருப்பதும் கிளம்புவதும் நான் சொல்லும் வார்த்தையில் இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பிடிக்காமைகூட மனதில் சரியாக உறைக்கவில்லை. அந்த வாரங்களில் எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் குளியலறையை மச்சான் தன் கையால் படம் போட்டுக் கட்டினார். ஷார்ஜாவில் ஓட்டல் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தவர். வாசற்படி கிடையாது, தொட்டி கிடையாது, கண்ணாடித் தடுப்பும் கிடையாது. ஷவர் நேரே தரையில் விழும். முழுத் தரையும் லேசாகச் சரிந்து, தண்ணீர் வெளியேறும் ஓட்டையை நோக்கிப் போகும். சின்னச் சின்ன டைல்ஸ். சின்ன டைல்ஸ் என்றால் இடைவெளிகள் அதிகம். அந்த இடைவெளிகளை அடைக்கும் சிமெண்டுப் பூச்சைக் கிரவுட் என்பார்கள். அது வெளிர் சாம்பலாக இருக்க வேண்டும். நான் பார்த்தபோது ஓட்டையைச் சுற்றிக் கறுத்துக் கிடந்தது. விரலை வைத்தால் சில்லென்றது. ஓரங்களில் உப்பு பூத்திருந்தது.

டைல்ஸ் போட்ட சடையப்பனுக்குப் போன் போட்டேன்.

"பாய், அது ஒண்ணுமில்ல. மேல ஒரு கோட்டு சீலர் அடிச்சு வுடு. கம்முனு ஆயிடும்."

"ஈரத்து மேலயா?"

"ஈரம்னா என்னா பாய், ஃபேனப் போட்டுட்டு அடி. உன் ஏசிய வேணா தூக்கியாந்து வையி."

"நீ பூசுன லட்சணத்துக்கு ஏசி ஒண்ணுதான் கேடு" என்று வைத்தேன்.

கிரவுட் மூடி அல்ல, கடற்பஞ்சு மாதிரி. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வழியே இறங்கும். டைல்ஸுக்கு அடியில் சாந்துப் படுகை. அதற்கும் அடியில் நீர் புகாத பூச்சு. பூந்தொட்டிக்கு அடியில் தட்டு வைப்போமே, அப்படி அந்தப் பூச்சு தண்ணீரைப் பிடித்து வைக்கும். தரைக்கு ஓய்வு கொடுத்தால் படுகையிலுள்ள ஈரம் வந்த வழியே மேலேறி ஆவியாகிவிடும். ஓய்வே கொடுக்காவிட்டால் தட்டு நிரம்பும். நிரம்பிய தட்டு எங்கே தாழ்வோ அங்கே வழியும். இங்கே அது குழாய் இறங்கும் ஓட்டை. மேலே சீலர் அடித்தால் ஆவி போகிற வழியையும் அடைத்தது போல ஆகும்.

இதை அக்காவிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். மச்சான் போனதைப் பற்றி என்னால் ஒரு வாக்கியம் பேச முடியவில்லை. சாந்துப் படுகையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேச முடிந்தது.

"சரி" என்றாள்.

"குழாய் ஒழுவுதா, இல்ல குளிக்கிற தண்ணியான்னு தெரியணும். சாயங்காலம் வரைக்கும் இங்க தண்ணி பொழங்காத. கீழ பாத்ரூமுக்குப் போ."

"சரி."

தரையைத் துணியால் ஒற்றி எடுத்தேன். ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டினேன். அடியிலிருந்து ஈரம் ஏறினால் தாளின் உட்புறம் வியர்க்கும். அப்போதுதான் மேலே வென்டிலேட்டரைக் கவனித்தேன். சட்டங்கள்மேல் கறுப்புத் துணி ஆணியடித்திருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் வாயில் அட்டை.

கீழே வந்து கேட்டேன்.

"நான்தான் அடிச்சேன்" என்றார் ஜொஹரா மதினி, மச்சானின் அக்கா. "பக்கத்து மாடில ஆம்பளைங்க டேங்கு பாக்க ஏறுறானுவ. இத்தாவுல இருக்குற புள்ள சத்தம்கூட வெளிய போவக்கூடாதுல்ல?"

"ஃபேன் என்னா பண்ணுச்சு மதினி? அது ஆம்பளையா?"

மூலையிலிருந்த ஒரு கிழவி சிரித்துவிட்டு, துக்க வீடு என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். கூடம் முழுக்கப் பெண்கள். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. போகிறவர்கள் போக, வருகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக மாடியேறி, அக்காவின் கையைப் பிடித்து, மச்சான் எப்படி மவுத்தானார் என்று முதலிலிருந்து கேட்டார்கள்.

சாயங்காலம், அசர் தொழுகைக்குப் பிறகு குளியலறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஷவர் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே நின்றேன். ரொம்ப நேரம் ஓடியது. குளிக்கிற தண்ணீரின் சத்தம் விட்டு விட்டு மாறும். ஆள் நகர நகர மாறும். இது மாறவே இல்லை. பிறகு நின்றது. அக்கா கதவைத் திறந்தாள். புடவை நனையவில்லை. முகமும் நனையவில்லை. கால் மட்டும் ஈரம்.

"குளிச்சியா?"

"இல்ல."

"அப்பறம்?"

"ஓரமா ஸ்டூல போட்டு உக்காந்திருந்தேன். தண்ணி ஓடுனா கதவ யாரும் தட்ட மாட்டாங்க."

"எத்தன தடவ இப்டி?"

"வர்றவங்களப் பொறுத்து."

"அழுதியா லாத்தா?"

"இல்லடா. அழுவ வரல. சும்மா உக்காந்திருப்பேன்."

குனிந்து பிளாஸ்டிக் தாளைப் பார்த்தேன். டேப் பிய்ந்து ஓட்டையருகே மிதந்துகொண்டிருந்தது. சோதனை போனது, ஆனால் விடை கிடைத்துவிட்டது. குழாய் ஒழுகவில்லை. காற்றுப் போகாத அறையில், நாளெல்லாம் ஓடும் தண்ணீர். எந்தத் தரையும் தாங்காது.

"இது காயணும் லாத்தா. நாள் கணக்கா சொட்டுத் தண்ணி படக்கூடாது. இல்லன்னா கூரை வுழும். உம்மா உன்ன இன்னிக்கே தூக்கிட்டுப் போயிடும்."

அவள் ஈரத் தரையையே பார்த்தாள். "அங்கயும் ஆளுங்க வருவாங்க. கடலூருல இன்னும் ஜாஸ்தி வருவாங்க" என்றாள். பிறகு அதே குரலில், "இத சாத்திட்டா நான் எங்கடா போறது?"

கீழே இறங்கினேன். கூடத்தில் உம்மா எழுந்து நின்றது.

"என்னா சொல்ற? இருக்க லாயக்கா, இல்லியா?"

"வூடு நல்லா இருக்கு உம்மா. கொழா ஒழுவல. ஜாயிண்ட நோண்டி எடுத்துட்டு, காய வச்சு, எபாக்ஸி அடைக்கணும். லாத்தா இங்கயே இருக்கலாம்."

உம்மாவின் முகம் சுருங்கியது. நான் நிறுத்தாமல் பேசினேன். எபாக்ஸி என்பது இரண்டு பசைகள் சேர்ந்து இறுகுவது. ஈரத்தில் சரியாகப் பிடிக்காது. இது உண்மை. நோண்டும்போது சிமெண்டுத் தூசு பறக்கும். இதுவும் உண்மை. மனிதன் விடும் மூச்சில் நீராவி இருக்கிறது. இதுவும் உண்மைதான். அதற்கு அடுத்தது மட்டும் உண்மை இல்லை: "அதனால வேலை முடியுற வரைக்கும் மாடி ரூமுக்கு யாரும் வரக்கூடாது. அத்தன பேரு மூச்சு பட்டா ஜாயிண்டு காயாது. லாத்தா ஒருத்தி இருக்கலாம். ஒரு ஆளு மூச்சத் தாங்கும்."

"இது என்னா புதுக் கதையா இருக்கு?" என்றார் மதினி. "பரங்கிப்பேட்டக்காரவங்க இன்னும் மேல ஏறவே இல்லியே? வேன் புடிச்சு வந்திருக்காங்க!"

"இங்கேந்தே துவா செய்யட்டும் மதினி. அல்லாவுக்கு மாடி, கீழ எல்லாம் ஒண்ணுதான்."

உம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் உம்மா மூச்சுக் கதையை நம்புகிற ஆள் இல்லை. கடைசியில் மாடிப்படியின் முதல் படியில் போய் உட்கார்ந்து, மடியில் தஸ்பீஹ் மணியை எடுத்து வைத்துக்கொண்டது.

"யாரும் ஏறாதீங்க. புள்ள வேல பாக்குறான்."

கறுப்புத் துணியைப் பிடுங்கி, நிழல் தெரியாத மெல்லிய வலை ஒன்றைக் கட்டினேன். ஃபேனிலிருந்து அட்டையை எடுத்தேன். அது முதலில் முனகி, பிறகு சுற்றியது. மண்டியிட்டு, ஓட்டையருகே கத்தியை வைத்து இழுத்தேன். கறுத்த கிரவுட் ஈர மாவு போலச் சுருண்டு வந்தது. அறைக்கதவு சாத்தியிருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"தூசு வருதா லாத்தா?"

"வந்தா வரட்டும்."

இரண்டு வரிசை முடிந்திருக்கும். அக்கா திரும்பாமலே கேட்டாள்: "இது காய எத்தன நாளு ஆவும்?"

"உனக்கு எத்தன நாளு வேணும்?"

நான் அடுத்த வரிசையில் கத்தியை வைத்தேன்.